ஆளுக்கொரு முட்டை: அவரவர் பக்குவத்துக்குப் போட்டுக் கொடுப்பது எப்படி?

எங்கள் வீட்டில் ஐந்து பேர். முட்டை விஷயத்தில் ஐந்து கட்சி. வீட்டுக்காரருக்கு ஆஃப்பாயில்தான் வேண்டும், ஆனால் ஓரம் முறுகக் கூடாது. அத்தைக்கு (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) நன்றாகச் சிவந்த ஆம்லெட். உள்ளே துளி ஈரம் தெரிந்தாலும் "பச்சையா இருக்குது, கொமட்டுது" என்று தட்டைத் தள்ளிவிடுவார். மகளுக்கு ரோட்டோரப் பரோட்டாக் கடையில் போடுகிற மாதிரி கலக்கி. மகன் அவித்த முட்டைக்காரன், அதிலும் மஞ்சள் அல்வாப் பதத்தில் இருந்தால்தான் தொடுவான். எனக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். கொதிக்கிற குழம்பில் உடைத்து ஊற்றிய முட்டை இருந்தால் வேறெதுவும் கேட்க மாட்டேன்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அதனால் சமைக்கும்போதும் ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்கிற பழக்கம் உண்டு. ஐந்து பேருக்கு ஐந்து விதமாகச் செய்வது பெரிய வேலை மாதிரி தெரியும். அப்படி இல்லை. தீயை எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்று தெரிந்தால் ஒரே காலையில் எல்லாருக்கும் போட்டுவிடலாம்.

முதலில் கேட்கத் தெரிய வேண்டும். "முட்டை எப்படி வேணும்?" என்றால் பாதிப் பேர் "எப்படியோ போடுங்க" என்பார்கள். போட்டு வைத்த பிறகுதான் முகம் சுருங்கும். அதனால் விருந்தாளிகளிடம் நான் மூன்று கேள்வி கேட்பேன்: மஞ்சள் ஓடணுமா, நிக்கணுமா? ஓரம் மொறுமொறுன்னு இருக்கலாமா? கவிச்சி ஆகுமா, ஆகாதா? மூன்றாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முட்டை பிடிக்காது என்று சொல்கிறவர்களில் நிறையப் பேருக்குப் பிடிக்காதது அந்த வாடைதான். அது தெரிந்துவிட்டால் மிளகு, மஞ்சள்தூள், சின்ன வெங்காயம் என்று வழி இருக்கிறது.

பக்குவங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு சங்கதி. வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறுக ஆரம்பிக்கும். அதில் பல வகைப் புரதங்கள் இருப்பதால், எல்லாம் சேர்ந்து கெட்டியாக 80 டிகிரி வரை போக வேண்டும். மஞ்சள்கரு 65-ல் தடிக்கத் தொடங்கி 70-ல் நின்றுவிடும். ஆஃப்பாயில் போடுவது கஷ்டமாக இருப்பது இதனால்தான்: வெள்ளை முழுதாக வேக அதிகச் சூடு வேண்டும், மஞ்சளோ அதற்கு முன்பே இறுகிவிடும். வெள்ளைக்குச் சூட்டைக் கொடுத்து மஞ்சளுக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் வேலையே.

அவித்த முட்டை

இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கிற பழக்கம் நம் வீடுகளில் அதிகம். அதில் நேரக்கணக்கு வராது. பாத்திரம், தண்ணீரின் அளவு, அடுப்பு எல்லாம் மாறும்போது நேரமும் மாறும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு முட்டையைக் கரண்டியில் வைத்து மெல்ல இறக்கி, தீயைக் கொஞ்சம் குறைத்து, அங்கிருந்து கடிகாரம் பாருங்கள். நாமக்கல்லிலிருந்து கடைக்கு வருகிற முட்டை பெரும்பாலும் 50-55 கிராம் இருக்கும். ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியே இருந்த அப்படிப்பட்ட முட்டைக்கு 5 நிமிடத்தில் மஞ்சள் ஓடும். ஆறு, ஆறரை நிமிடத்தில் என் மகன் கேட்கிற அல்வாப் பதம். 8 நிமிடத்தில் நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரம். 10 நிமிடத்தில் முழுசாக வெந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்தால் ஒன்று, ஒன்றரை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களில் சொல்கிற நேரம் நமக்குச் சில சமயம் அதிகமாகப் போய்விடும். அவர்கள் எடுப்பது பெரிய முட்டை, அதுவும் ஃபிரிட்ஜிலிருந்து. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சமையலறைக் கூடையில் கிடக்கிற முட்டை எடுக்கும்போதே வெதுவெதுவென்று இருக்கும்.

நாட்டுக்கோழி முட்டை சின்னது, அதற்கு ஒரு நிமிடம் குறைத்துக்கொள்ளலாம். ஊட்டிக்குப் போனால் கணக்கு தலைகீழ். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. அங்கே முட்டைக்கு இரண்டு நிமிடமாவது கூடுதலாக ஆகும்.

நேரம் ஆனதும் சுடுதண்ணீரைக் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஓட்டுக்குள் இருக்கிற சூட்டிலேயே முட்டை தொடர்ந்து வெந்துகொண்டிருக்கும். அதிக நேரம் வெந்த முட்டையில் மஞ்சளைச் சுற்றிப் பச்சையும் சாம்பலும் கலந்த வளையம் தெரியுமே, அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சளில் இருக்கிற இரும்பும் சேர்ந்து உண்டாவது. சாப்பிடலாம். ஆனால் அந்த அளவுக்குப் போன மஞ்சள் மாவு மாதிரி தொண்டையில் அடைக்கும்.

எங்கள் பள்ளிச் சத்துணவில் இதைத் தினமும் பார்க்கிறேன். நூற்றுக்கணக்கான முட்டையை ஓர் அண்டாவில் அவிக்கும்போது ஆளுக்கொரு பதம் பார்க்க முடியாது, எல்லாம் கெட்டியாகத்தான் வரும். அதற்குப் பிள்ளைகளே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் பிடிக்காதவன் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளை பிடிக்காதவன் சாப்பிடுவான். "இந்தா மஞ்சள், உன் வெள்ளையக் குடு" என்று இரண்டே விநாடியில் பேரம் முடிந்துவிடும். எங்கள் சமையலர் அக்கா அதைப் பார்த்துச் சிரிப்பாரே தவிர ஒருநாளும் திட்டியதில்லை.

உரிப்பதற்கும் அந்த அக்காவிடம் கற்றுக்கொண்ட முறைதான். முட்டையை வட்டிலில் உருட்டி ஓடு முழுக்க விரிசல் விடவேண்டும். பிறகு மழுங்கின பக்கத்திலிருந்து, தண்ணீருக்குள் வைத்தபடியே உரிக்கவேண்டும். அந்தப் பக்கத்தில்தான் காற்றறை இருக்கிறது, சவ்வுக்கு அடியில் விரல் சுலபமாக நுழையும். அன்றைக்கு இட்ட முட்டையை அவித்தால் என்ன செய்தாலும் பிய்ந்துதான் வரும். நாளாக ஆகக் கரியமிலவாயு ஓட்டின் நுண்துளைகள் வழியாக வெளியேறி வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும், அப்போது சவ்வில் அவ்வளவாக ஒட்டாது. அதனால் அவிக்க ஒரு வாரப் பழைய முட்டை, ஆஃப்பாயிலுக்குப் புது முட்டை என்று ஒதுக்கிவைப்பேன். புது முட்டைதான் வேறு வழியில்லை என்றால் இட்லிப் பானையில் ஆவியில் வையுங்கள். பதினொரு நிமிடத்தில் கெட்டியாக வெந்துவிடும், உரிப்பதும் அவ்வளவு படுத்தாது. குக்கரில் ஒரு விசில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். உள்ளே என்ன பதம் என்று எப்படித் தெரியும்?

ஆஃப்பாயில்

எங்கள் வீட்டில் அதிகம் விமர்சனத்துக்கு உள்ளாவது இது. வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாலும், மஞ்சளைத் தொட்டதும் புருவம் எப்படிப் போகிறது என்பதில் தெரிந்துவிடும்.

முட்டையைக் கல்லின் மேலே நேராக உடைக்காதீர்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுத் துண்டு விழுந்தால் எடுத்துவிடலாம், மஞ்சள் கலங்கிவிட்டால் அதை அத்தையின் ஆம்லெட்டுக்கு மாற்றிவிடலாம். இரும்புத் தோசைக்கல் சூடானதும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக ஓடினால் ஓரம் முறுகும் சூடு. தெளித்த இடத்திலேயே சுர்ரென்று அடங்கினால் மெத்தென்று வரும் சூடு. இரண்டும் வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு இரண்டாவது. என் தம்பி வந்தால் முதலாவது, அவனுக்கு ஓரம் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகப் பொரிந்திருக்க வேண்டும்.

மெத்தென்று வேண்டும் என்றால் அரைத் தேக்கரண்டி எண்ணெய் போதும். எங்கள் ஊரில் கடலை எண்ணெய்தான். முட்டையைக் கல்லுக்கு மிகக் கிட்டத்தில் இறக்கி ஊற்றுங்கள். தீயை உடனே சிறியதாக்குங்கள். புது முட்டையாக இருந்தால் வெள்ளைக்கரு மஞ்சளைச் சுற்றி மேடாக நிற்கும், பழசு கல் முழுக்க ஓடிவிடும். மேடாக நிற்கிற அந்தப் பகுதிதான் கடைசியாக வேகும். அதற்காகக் கல்லின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு மூடி போட்டு அரை நிமிடம் விடுங்கள். ஆவி மேலிருந்து வெள்ளையை இறுக்கிவிடும், மஞ்சள் மேல் மெல்லிய வெள்ளை ஆடை படியும், உள்ளே ஓடும். மஞ்சள் பளபளவென்று திறந்தே இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு மூடி போடாமல், சூடான எண்ணெயைக் கரண்டியால் எடுத்து வெள்ளையின் மேல் மட்டும் இரண்டு முறை விட்டால் போதும்.

உப்பு கடைசியில்தான், அதுவும் வெள்ளையின் மேல். மஞ்சள் மேல் முதலிலேயே உப்புப் பட்டால் புள்ளி புள்ளியாக வெளுக்கும். மிளகை அப்போதே இடித்துத் தூவுங்கள். டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கிற மிளகுத்தூளில் மணமே இருக்காது.

ஃபுல்பாயில் என்றால் இதையே திருப்பிப் போட வேண்டும், மஞ்சளைக் கரண்டியால் லேசாக அழுத்தி உடைத்துவிட்டு. சிலர் திருப்பிப் போட்டாலும் உள்ளே ஓட வேண்டும் என்பார்கள். அதற்குத் திருப்பியபின் பத்து எண்ணும் நேரம்தான், உடனே எடுத்துவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சால்மோனெல்லா என்கிற கிருமி முட்டையில் இருக்க வாய்ப்புண்டு, முழுதாக வேகாத முட்டையில் அது சாகாது. 71 டிகிரி வரை சூடேறினால்தான் பயமில்லை. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோயில் படுத்து எழுந்தவர்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அவர்களுக்கு மஞ்சள் ஓடுகிற மாதிரி கொடுக்காதீர்கள். விரிசல் விட்ட முட்டையை ஆஃப்பாயிலுக்கு எடுக்கவே கூடாது.

அத்தையின் ஆம்லெட்

இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை, அத்தையின் சட்டம் அப்படியே. பெரிய வெங்காயம் கூடாது, சின்ன வெங்காயம்தான். பொடியாக நறுக்கி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு உப்புப் போட்டுப் பிசறிவைக்க வேண்டும். அதில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். இரண்டு முட்டையை எவர்சில்வர் டம்ளரில் உடைத்து ஊற்றி ஸ்பூனால் நுரை வர அடிக்க வேண்டும். அந்த டகடக சத்தம் கேட்டால்தான் அத்தை கட்டிலை விட்டு எழுந்து வருவார். நன்றாக அடித்தால் காற்று சேர்ந்து ஆம்லெட் உப்பும். பால், தண்ணீர் எதுவும் சேர்க்க வேண்டாம். சிவந்து வரவேண்டிய ஆம்லெட்டுக்கு ஈரம் எதிரி.

கல் நடுத்தரச் சூட்டில் இருக்கட்டும். ஊற்றியதும் கரண்டியால் பரத்தி, சுற்றிலும் எண்ணெய் விட்டு, ஓரம் தானாகக் கல்லை விட்டுக் கிளம்பும்வரை தொடாதீர்கள். முன்னாலேயே நோண்டினால் கிழியும். திருப்பிப் போட்டு, வெங்காயம் கல்லில் பட்டுக் கருகும் முன்பும் சிவந்த பின்பும் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எடுக்க வேண்டும். வெங்காயம் சிவக்கிற மணத்தில்தான் கவிச்சி அடங்குகிறது. வாடை ஆகாதவர்களுக்கு நான் முதலில் கொடுத்துப் பார்ப்பதும் இந்த ஆம்லெட்தான்.

மதுரைப் பக்கம் குழிக்கரண்டியில் எண்ணெய் விட்டு நெருப்பிலேயே காட்டிச் செய்கிற கரண்டி ஆம்லெட் தடிமனாக, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். அத்தைக்கு ஒருமுறை செய்து கொடுத்தேன். "நல்லாத்தேன் இருக்குது கண்ணு, ஆனா அடுத்த தபா நம்மளுதே போடு" என்று சொல்லிவிட்டார்.

கலக்கி

கொங்குநாட்டுப் பரோட்டாக் கடைகளில் இதைப் போடுகிறவர்களின் கையைப் பாருங்கள், சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். முட்டை இரண்டு, உப்பு, மிளகு, அதோடு கெட்டியான சால்னா ஒரு பெரிய கரண்டி. வீட்டில் சால்னா இல்லாவிட்டால் முந்தின நாள் கறிக்குழம்பு. அதுவும் இல்லாவிட்டால் வெறும் மிளகுக் கலக்கி.

ஆம்லெட்டுக்கு அடிக்கிற மாதிரி அடிக்காதீர்கள். வெள்ளை கோடு கோடாகத் தெரிகிற அளவுக்கு ஏழெட்டுச் சுற்றுப் போதும். கல் நன்றாகக் காய்ந்து புகை கிளம்பும் பக்குவத்தில் எண்ணெய் தடவி ஊற்றி, அடிப்பாகம் பிடித்த அந்த நிமிடமே நாலு பக்கமிருந்தும் உள்ளே மடித்து, ஒரு புரட்டுப் புரட்டித் தட்டில் தள்ளிவிட வேண்டும். மொத்தம் இருபது விநாடிக்கு மேல் ஆகாது. தட்டை ஆட்டினால் அது ஆட வேண்டும். குழம்பின் நீர் சேர்ந்திருப்பதால் முட்டை இறுகுவது கொஞ்சம் தள்ளிப்போகும், அதனால்தான் அவ்வளவு சூட்டிலும் உள்ளே குழைவாக நிற்கிறது. நான்ஸ்டிக் தவாவில் இது சரியாக வராது. அதை அந்த அளவுக்குச் சூடேற்றக் கூடாது. இரும்புக்கல் இல்லாதவர்கள் கடைக்கே போய்ச் சாப்பிடுவது உத்தமம்.

உள்ளே அரைவேக்காடாகத்தான் இருக்கும் என்பதால் மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். அத்தை கேட்க மாட்டார், நான் தப்பித்தேன்.

பொடிமாஸைப் பற்றி இரண்டு வரி. வெங்காயம் வதங்கியதும் முட்டையை உடைத்து ஊற்றி, உடனே கிளறாமல் வெள்ளை பாதி பிடிக்கும்வரை விட்டால் பெரிய பெரிய துண்டாக வரும். ஊற்றியதுமே கிளறினால் பொடிப்பொடியாக வரும். இரண்டிலும் லேசாக ஈரம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒட்ட ஒட்டக் கிண்டினால் புரதம் இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். பொடிமாஸ் தட்டில் தண்ணீர் தேங்குகிறது என்று புலம்புகிறவர்கள் எல்லாரும் அதிகம் வேகவைக்கிறவர்கள்தான்.

என் பங்கு

உடைத்து ஊற்றிய குழம்பு. புளிக்குழம்போ, தேங்காய் அரைத்த காரக்குழம்போ, முக்கால் பதம் சுண்டிக் கெட்டியாகி இருக்க வேண்டும். தண்ணியாக இருந்தால் முட்டை நூல் நூலாகப் பிரிந்துவிடும். கொதியை அடக்கி, ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற மாதிரி தீயை வையுங்கள். கிண்ணத்தில் உடைத்த முட்டையைக் குழம்பை ஒட்டிச் சாய்த்து, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இறக்குங்கள். அப்புறம் கரண்டியை எடுத்து ஒளித்துவைத்துவிடுங்கள், தொடவே கூடாது. புளிப்பு சேர்ந்தால் வெள்ளைக்கரு சீக்கிரம் பிடிக்கும், புளிக்குழம்பில் முட்டை உருண்டு திரண்டு நிற்பது அதனால்தான். மூடிபோட்டு ஐந்து நிமிடத்தில் மஞ்சள் குழம்போடு ஓடும், எட்டு நிமிடத்தில் நிற்கும். ஓடுகிற மஞ்சள், சுடுசோறு, நல்லெண்ணெய் இரண்டு சொட்டு. அவித்த முட்டையைக் கீறிப் போட்ட குழம்பு இதற்கு ஈடாகாது என்று நான் வாதாடுவேன். வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

ஐந்தையும் ஒரே காலையில் போடும்போது வரிசை முக்கியம். குழம்பில் முட்டையை இறக்கிவிட்டு, பக்கத்து அடுப்பில் மகனுக்கு அவிக்கப் போட்டுவிடுவேன். அது ஆனதும் அந்த அடுப்பில் கல்லை வைத்து முதலில் ஆம்லெட். அது ஆறினாலும் பாதகமில்லை. பிறகு தீயைக் குறைத்து ஆஃப்பாயில். ஆள் தட்டின் முன் உட்கார்ந்த பிறகுதான் அதற்கு முட்டையையே உடைப்பேன். செய்தித்தாளை முடித்துவிட்டு வருகிறேன் என்றால், அந்த முட்டை ஃபுல்பாயில் ஆகிவிடும் என்று எங்கள் வீட்டில் சட்டம். கல் நன்றாகக் காயவேண்டிய கலக்கி கடைசி. மகள் எப்போதும் கடைசியாகத்தான் எழுந்து வருகிறாள், எனவே அதுவும் பொருந்திப் போய்விட்டது.

பழைய முட்டையா என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக் கிடந்தால் புதுசு. நட்டுக்க நின்றால் நாளானது, அவிப்பதற்கு ஏற்றது. மிதந்தால் காற்றறை பெரிதாகும் அளவுக்குப் பழசு. தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்க்காமல் சமையலில் சேர்க்காதீர்கள்.

முட்டை அடித்த டம்ளர், சாப்பிட்ட தட்டு எல்லாவற்றையும் முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கிற முட்டை அங்கேயே வெந்து பிடித்துக்கொள்ளும். அலசிவிட்டு, குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையால் ஒரு தேய் தேய்த்துக் கழுவினால் வாடை போய்விடும்.